மண் குதிரையை நம்பியவர்கள்

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று நம் பாட்டிமார் கேட்டு வைத்திருக்கிறார்கள். அது குதிரை அல்ல, மண் குதிர், அதாவது மணல் திட்டு என்று திருத்தம் சொல்லும் புலவர்களும் உண்டு. அவர்கள் திருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும். காரைக்குடியைச் சுற்றியுள்ள சிவகங்கைச் சீமைக் கிராமங்களில் பல தலைமுறைகள் மண் குதிரையை நம்பித்தான் வாழ்ந்திருக்கின்றன.

செட்டிநாடு என்றதும் நேயர்களுக்கு என்ன நினைவு வரும்? ஒரு வீதியில் தொடங்கி மறு வீதியில் முடியும் மாளிகைகள், பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியத்துக் கண்ணாடி. அந்த வீதிகளை விட்டுச் சற்றுத் தூரம் நடந்து பாருங்கள். கண்மாய்க் கரை வரும். கரையோரத்து மர நிழலில் ஓர் அய்யனார் கோயில் இருக்கும். அதன் முன்னே வரிசையாகக் குதிரைகள் நிற்கும். ஒன்றுக்குக் காது இல்லை. ஒன்றுக்குக் கால் இல்லை. பின்வரிசையில் நிற்பவை பாதி மண்ணாகவே ஆகிவிட்டன. எல்லாம் சுட்ட மண். இரவில் அய்யனார் இவற்றின் மேல் ஏறி ஊர் எல்லையையும் கண்மாயையும் காவல் சுற்றி வருகிறார் என்பது ஜனங்களின் நம்பிக்கை.

இந்தக் குதிரைகள் கோயிலுக்கு வந்து சேரும் நாள்தான் புரவி எடுப்பு. பெரும்பாலும் வைகாசி, ஆனி மாதங்களில், வயலில் வேலை ஓய்ந்து கண்மாய் வற்றிக் கிடக்கும் கோடையில், இந்தத் திருவிழா நடைபெறும்.

ஆனால் விழா அன்றைக்குத் தொடங்குவதில்லை. முதலில் ஊர் கூட வேண்டும். இந்த ஆண்டு புரவி எடுப்பதா, வேண்டாமா? வரி எவ்வளவு? முதல் மரியாதை யாருக்கு? எல்லாம் பேசி முடிந்த பிறகு, பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுப்பார்கள். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். மண் பிசைகிற குயவருக்கு ஊரே மண் எடுத்துக் கொடுப்பது வேடிக்கைதான். ஆனால் அந்த ஒரு பிடி மண் கைமாறாமல் குதிரை பிறக்காது. ஊர் இரண்டுபட்டால் பிடிமண் இல்லை. பிடிமண் இல்லையென்றால் புரவியும் இல்லை. பக்கத்துக் கண்டதேவியில் வடம் பிடிக்கும் உரிமை பற்றிய பிணக்கும் தேரின் பழுதும் சேர்ந்து பல ஆண்டுகள் தேரை நிலையிலேயே நிறுத்தி வைத்ததையும், 2024 ஆனியில் அது மீண்டும் ஓடியதையும் அறிந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

பிடிமண் பெற்ற வேளார் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைகிறார். உள்ளே கூடாக நான்கு கால்கள், அவற்றின் மேல் உடல், பிறகு கழுத்தும் தலையும் எழும்புகின்றன. நிழலில் காய வைத்து, வைக்கோலும் வறட்டியும் விறகும் அடுக்கிச் சுட்டெடுத்து, சுண்ணாம்பு வெள்ளை பூசி, சேணமும் சலங்கையும் வண்ணத்தில் தீட்டுகிறார். ஊர்ப் பொதுவில் செய்வது அரண்மனைப் புரவி. நேர்ந்துகொண்டவர்கள் செய்விப்பது நேர்த்திக்கடன் புரவி. பிள்ளை வரம் கேட்டவர்கள் மண் மதலை செய்து வைப்பார்கள். மாடு பிழைத்தவர்கள் மண் மாடு செய்து வைப்பார்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்து அரண்மனையின் அதிகாரம் போய்விட்டது; அரண்மனைப் புரவி மட்டும் இன்றும் முன்னே போகிறது.

விழாவன்று புரவிப் பொட்டலில் குதிரைகள் மாலையும் புது வேஷ்டியும் அணிந்து நிற்கும். கொட்டு முழங்கும். சல்லடமும் கச்சையும் கட்டிய சாமியாடி அரிவாளோடு முன்னே வர, இளைஞர்கள் கம்புகளில் கட்டிய புரவியைத் தோளில் ஏற்றுவார்கள். மனிதனைச் சுமக்க வேண்டிய குதிரையை மனிதன் சுமந்து ஓடும் அந்தக் காட்சி ஒரு விநோதந்தான்.

ஏன் குதிரை? இந்த மண்ணில் குதிரை அரிய பொருள். பண்டைக் காலத்திலேயே அது கடல் வழியே வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்புகிறார் என்றும், சரியாகப் பேணத் தெரியாததால் ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவிட்ட கதை நேயர்கள் அறிந்ததே. இறைவன் கொண்டுவந்து ஒப்படைத்த பரிகள் இரவில் நரிகளாகி ஓடிவிட்டனவாம். அந்தத் திருப்பெருந்துறை இன்றைய ஆவுடையார்கோயில். இந்தச் சீமைக்கு அண்டை ஊர்தான்.

மன்னன் பொன் கொடுத்து வாங்கிய குதிரை ஓர் ஆண்டு தாங்கவில்லை. குடியானவன் தன் ஊர் மண்ணிலே ஒரு குதிரை செய்துகொண்டான். அதுவும் மழையில் கரைகிறது. ஆனால் மறுபடி செய்ய அவனுக்குக் கப்பல் வர வேண்டியதில்லை. ஊர் ஒத்துப்போனால் போதும். கடல் கடந்து வந்த செல்வத்தில் எழுந்த மாளிகைகளைப் பாருங்கள். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போன பிறகு அந்தச் செல்வத்தின் ஊற்று அடைபட்டது. எத்தனை மாளிகைகள் பூட்டிக் கிடக்கின்றன! உதிர்ந்த ஒரு தூணை மறுபடி நிறுத்த ஆளில்லை.

இப்போது சில கோயில்களில் சிமெண்டுக் குதிரைகள் வந்துவிட்டன. எனாமல் பூசிய பளபளப்பு. மழைக்கு அஞ்சாத திடம். சௌகரியந்தான். ஆனால் உடையாத குதிரைக்குப் பிடிமண் எதற்கு? பிடிமண் வேண்டாமென்றால் ஊர் கூடுவது எதற்கு? இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை வெயிலிலும் மழையிலும் விட்டுவிடுகிறீர்களே என்று நாம் வேளாரைக் கேட்கலாம். "கரையாம நின்னுட்டா, அடுத்த தடவை எனக்குப் பிடிமண் யாருங்கய்யா குடுப்பாக?" என்று அவர் திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் ஏது?

பாட்டியின் பழமொழி ஆற்றுக்குச் சரி. ஊருக்கு, கரைகிற குதிரைதான் நம்பத் தகுந்த குதிரை.