பழைய ஸ்டாக் விளையாட்டரங்கம், சிகாகோ

பழைய ஸ்டாக் விளையாட்டரங்கம் என்பது அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழக வளாகத்தில் 1893இல் தொடங்கப்பட்ட கால்பந்து மைதானம் ஆகும். அங்கு ஆடப்பட்டது நம் ஊர்க் கால்பந்து அன்று. நீள்வட்ட வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. நிலம் வழங்கிய வணிகர் மார்ஷல் ஃபீல்டின் பெயரை முதலில் தாங்கியிருந்த மைதானத்துக்கு, 1892 முதல் 1932 வரை அணியைப் பயிற்றுவித்த அமோஸ் அலோன்சோ ஸ்டாக்கின் பெயர் பின்னர் சூட்டப்பட்டது.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் புகழ்பெற்ற ஹைஸ்மன் கோப்பையை 1935இல் முதன்முதலாகப் பெற்ற ஜே பெர்வாங்கர் இப்பல்கலைக்கழக மாணவரே. ஆயினும் அணி விரைவில் நலிந்தது. 1939இல் மிச்சிகன் அணியிடம் 85-0 என்று தோற்றது. பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸின் முனைப்பால் அவ்வாண்டு இறுதியிலேயே கால்பந்து கைவிடப்பட்டது.

மைதானம் இன்று நினைக்கப்படுவது ஆட்டத்துக்காக அன்று. இரண்டாம் உலகப் போரின்போது என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் அணு உலையை அமைக்க முயன்றது. நகருக்கு வெளியே ஆர்கான் காட்டில் எழும்பவேண்டிய கட்டடம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் தாமதமாயிற்று. எனவே மேற்குப் பார்வையாளர் மேடையின் அடியிலிருந்த ஸ்குவாஷ் கூடத்திலேயே உலையைக் கட்ட ஆர்தர் காம்ப்டன் இசைந்தார்; ஹட்சின்ஸிடம்கூடக் கேட்கவில்லை.

சுமார் 350 டன் கிராஃபைட்டுக் கட்டிகளை 57 அடுக்குகளாக அடுக்கி, இடையிடையே யுரேனியம் வைத்தனர். நியூட்ரான்களின் வேகத்தைக் குறைப்பது கிராஃபைட்டு. அவற்றை விழுங்கி வினையை அடக்குவது காட்மியத் தண்டுகள். 1942 டிசம்பர் 2 பிற்பகல் 3.25 மணிக்குத் தொடர்வினை தானே நீடிக்கத் தொடங்கியது. வெளிப்பட்ட ஆற்றல் அரை வாட் மட்டுமே. கதிர்வீச்சுத் தடுப்புச் சுவரோ குளிரூட்டும் அமைப்போ இல்லை. அவசரத் தண்டைக் கட்டிய கயிற்றை வெட்டக் கோடரியுடன் ஒருவரும், உலையின்மேல் ஊற்றக் காட்மியக் கரைசலுடன் மூவரும் காத்திருந்தனர்!

ஃபெர்மியின் கணக்கு பிழைக்கவில்லை. ஆனால் சிகாகோவின் சுமார் 34 லட்சம் மக்களுக்கு இதுபற்றி ஒரு சொல்லும் தெரியாது. போர்க்கால இரகசியம் என்பது விளக்கமாகலாம், முழுச் சமாதானம் ஆகாது. திருநெல்வேலி மாவட்டக் கூடங்குளத்தின் முதல் உலை 2013 ஜூலை 13 அன்று இதே தொடர்வினை நிலையை எட்டியது. அங்கு நியூட்ரானைத் தணிப்பது நீர். மின்திறன் 1000 மெகாவாட். அதற்கு முன்பே இடிந்தகரை மக்கள் பாதுகாப்புக் குறித்துக் கேள்வி கேட்டுப் போராடினர். சிகாகோவாசிகளுக்கு அந்த வாய்ப்பே இருக்கவில்லை.

1943இல் உலை பிரிக்கப்பட்டு ஆர்கான் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1957இல் மேற்கு மேடை இடிக்கப்பட்டது. உலை இருந்த இடத்தில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் 1967 டிசம்பர் 2 அன்று திறக்கப்பட்டது. மைதானத்தில் 1970இல் ரீகன்ஸ்டைன் நூலகம் எழுந்தது. கல்லூரிக் கால்பந்து 1969இல் மீண்டது. இப்போது ஆட்டம் நடப்பது அதே பெயர் கொண்ட வேறொரு மைதானத்தில்.