எந்தக் கல்லீரலில் புற்று தோன்றும்?

1819ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெனெக், சுருங்கி இறுகி முடிச்சு முடிச்சாய்க் காணப்பட்ட கல்லீரலுக்குச் 'சிரோசிஸ்' என்று பெயரிட்டார். மஞ்சட்பழுப்பு நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர் அது. கல்லீரல் புற்று பெரும்பாலும் இத்தகைய சுருங்கிய கல்லீரலிலேயே தோன்றுகிறது என்பதைப் பின்வந்தோர் பிணக்கூறாய்வுகளில் கண்டனர். ஆயினும் கல்லீரல் சுருங்கிய எல்லோருக்கும் புற்று வருவதில்லை. யாருக்கு வரும் என்ற வினாவுக்கு, உயிரோடிருக்கும் மனிதரிடமே விடை தேடத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான்.

முதல் தடயம் சோவியத் நாட்டில் கிடைத்தது. கருவிலிருக்கும் உயிரின் கல்லீரல் சுரந்து, பிறந்தபின் மறைந்துபோகும் ஆல்ஃபா ஃபீட்டோபுரதம், கல்லீரல் கட்டி கொண்ட எலிகளின் குருதியில் மீண்டும் தோன்றுவதை 1963இல் காரி ஆபெலெவ் கண்டறிந்தார். மறு ஆண்டே மனித நோயாளிகளிடமும் அதனை யூரி டாட்டாரினோவ் கண்டார். வந்துவிட்ட புற்றைக் காட்ட அது உதவியது. வரவிருப்பதை முன்கூட்டிச் சொல்ல உதவவில்லை.

அதற்கான வழியைத் தைவான் திறந்தது. 1965இல் பரூக் பிளம்பெர்க் குழுவினர் அறிவித்த 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்', ஹெபடைட்டிஸ் பி வைரஸின் அடையாளம் எனப் பின்னர் தெளிவாயிற்று. குருதியில் அந்த அடையாளம் உடையவர்களுக்குத்தான் பிற்காலத்தில் புற்று வருகிறதா என்று சோதிக்கப் பால்மர் பீஸ்லி தைவான் அரசு ஊழியர்களைத் தேர்ந்தெடுத்தார். அத்தேர்வில் ஒரு நுட்பம் இருந்தது. அரசு ஊழியர்களுக்குக் காப்புறுதி உண்டு. ஆதலால் அவர்களுடைய நோயும் இறப்பும் அலுவலகப் பதிவேட்டில் ஏறிவிடும். ஆய்வில் சேர்ந்த ஆண்கள் 22,707 பேரில் 3,454 பேர் வைரஸைச் சுமந்தவர்கள். 1981இல் முடிவுகள் வெளியானபோது, புற்று வந்திருந்த 41 பேரில் 40 பேர் வைரஸைச் சுமந்தவர்களாயிருந்தனர். மற்றவர்களைக் காட்டிலும் அவர்களுக்கு அபாயம் 223 மடங்கு. நலமாய் நடமாடும் ஒருவரின் ஒரு துளிக் குருதி, பல்லாண்டுகளுக்குப் பின் வரக்கூடிய புற்றைக் குறித்து முன்னறிவிப்புத் தந்தது.

அடுத்த வினா, வைரஸைச் சுமப்பவர்களுக்குள்ளேயே யாருக்கு அபாயம் மிகுதி என்பது. அதே தைவானில் 3,653 பேரைப் பின்தொடர்ந்த சென் சியென்-ஜென் குழுவினர் 2006இல் விடை தந்தனர். குருதியில் வைரஸின் அளவு ஏற ஏறப் புற்றின் அபாயமும் ஏறிற்று. மிகக் குறைந்த அளவு உடையோரில் 1.3 விழுக்காட்டினருக்கும், மிகுந்த அளவு உடையோரில் 14.9 விழுக்காட்டினருக்கும் புற்று வந்தது. அங்கிருந்து மதிப்பெண் அட்டவணைகள் பிறந்தன. 2011இல் வந்த 'ரீச்-பி', வயது, பால், கல்லீரல் நொதி, வைரஸ் அளவு முதலியவற்றைக் கூட்டி 17 வரை மதிப்பெண் இடுகிறது. ஐரோப்பாவில் மருந்து உண்டுவரும் நோயாளிகளைக் கொண்டு 2016இல் உருவான 'பேஜ்-பி'க்கு வயது, பால், தட்டணு எண்ணிக்கை ஆகிய மூன்றே போதும். கல்லீரல் சுருங்கும்போது மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தன்னுள் தேக்கிக்கொள்கிறது. ஆதலால் குருதியில் குறையும் தட்டணு, மறைந்திருக்கும் சுருக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இங்கே ஒன்றை மறந்துவிடலாகாது. எந்த அட்டவணையும் தான் பிறந்த மக்கள்திரளின் கணக்கையே சொல்லும். ரீச்-பி, கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்களைக் கொண்டு வகுக்கப்பட்டது. இந்தியாவிலோ கல்லீரல் சுருக்கத்துக்கு ஹெபடைட்டிஸ் பி மட்டும் காரணமன்று. சி வகை வைரஸ், மது, நீரிழிவோடு கூடிய கொழுப்புக் கல்லீரல் ஆகியனவும் சேர்கின்றன. கல்லீரல் சுருங்கியோரில் ஆண்டுக்கு 100 பேரில் 1.5 பேருக்கு மேல் புற்று வருமாயின் தொடர் கண்காணிப்பு செலவுக்குத் தகும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல்களில் இடம்பெற்ற கணக்கு. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் கல்லீரல் சுருங்கிய 194 பேரைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு கண்ட அளவு 1.6. எல்லைக்கோட்டை ஒட்டிய எண் இது. அந்த ஆய்வில் புற்று வந்தவர்கள் 9 பேர். ஒன்பது பேரைக் கொண்டு இவ்வளவு பெரிய நாட்டுக்குக் கணக்கு வகுத்துவிட முடியாது. இந்திய நோயாளிகளைப் பல ஊர்களில் பல்லாண்டு பின்தொடர்ந்த பதிவுகள் பெருகினால்தான் இந்நாட்டுக்குரிய அட்டவணை அமையும்.

அபாயம் அறிந்தபின் செய்ய வேண்டியது என்ன? ஷாங்காயில் 18,816 பேரிடம் நடந்த ஆய்வு 2004இல் அதைக் காட்டியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனும் ஆல்ஃபா ஃபீட்டோபுரதச் சோதனையும் செய்ய அழைக்கப்பட்ட பிரிவில், கல்லீரல் புற்றால் நேர்ந்த இறப்பு 37 விழுக்காடு குறைந்தது. அழைக்கப்பட்ட சோதனைகளில் 60 விழுக்காட்டுக்கும் குறைவானவையே நடந்தேறிய நிலையிலும் கிடைத்த பயன் இது. 2013இல் ஒடிசாவின் பூரியில் கூடிய இந்தியக் கல்லீரல் மருத்துவர்களும் இதே இரு சோதனைகளை இதே இடைவெளியில் பரிந்துரைத்தனர்.

தைவான் 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இடத் தொடங்கியது. பின்னர் அங்கே சிறுவர்களிடையே கல்லீரல் புற்று ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்தது. இந்தியாவில் 2002இல் சோதனை முறையில் தொடங்கிய இத்தடுப்பூசி, 2011இல்தான் நாடு முழுமைக்கும் விரிந்தது. அதற்கு முன் பிறந்த கோடிக்கணக்கானோரில் பெரும்பாலோர்க்குக் குழந்தைப் பருவத்தில் அந்தக் காப்புக் கிட்டவில்லை. கல்லீரல் சுருங்கியபின் அவர்களைக் காக்க எஞ்சியிருப்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யும் ஸ்கேன். மாவட்ட மருத்துவமனையில் அது தடையின்றிக் கிடைப்பதும், நோயாளி தவறாது திரும்பி வருவதும் உறுதியானால்தான் மதிப்பெண் அட்டவணைக்குப் பயன் உண்டு.