மறுவாழ்வு மருத்துவர்

சாலை விபத்தில் தண்டுவடம் நசுங்கிய ஒருவரின் உயிரை அறுவை மருத்துவர்கள் காப்பாற்றிவிடுகிறார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் வந்துவிடுகிறது. இனி அவர் சிறுநீர் கழிப்பது எப்படி, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவது எப்படி, பழைய வேலைக்குப் போக முடியுமா என்ற கேள்விகள் அந்தச் சீட்டில் இருக்காது. அவற்றுக்கு விடை தேடுவதையே தொழிலாகக் கொண்டவர் மறுவாழ்வு மருத்துவர். பிசியோதெரபிஸ்ட் என்று பலரும் இவரை எண்ணிக்கொள்வது உண்டு. அது வேறு படிப்பு. இவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மூன்றாண்டு எம்.டி. படித்த மருத்துவர். பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், செயற்கைக் கால் செய்பவர், சமூகப் பணியாளர் எல்லோரையும் ஒரே நோயாளிக்காக ஒருங்கிணைப்பது இவர் பொறுப்பு.

இந்தத் துறையின் முன்னோர்கள் சற்று விசித்திரமானவர்கள். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வெந்நீர்த் தொட்டி, மின்சாரம், வெயில், உடற்பயிற்சி எல்லாமே மருந்தாக விற்பனைக்கு வந்தன. ஸ்டாக்ஹோம் மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் கை கால்களை அசைத்துப் பயிற்சி தரும் இயந்திரங்களை வரிசையாக நிறுத்தி 1865இல் ஒரு நிலையமே திறந்தார். தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்திய டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இதே கருவிகளைக் கொண்டு எந்த நோயையும் தீர்ப்பதாகப் பீற்றிக்கொண்ட போலிகளும் அதே தெருவில்தான் கடை போட்டிருந்தார்கள். மருத்துவ உலகம் இந்தப் பக்கம் முகம் சுளித்ததில் வியப்பில்லை.

அந்தச் சந்தேகத்தைப் போக்கப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான ஃபிராங்க் குரூசன். அறுவை மருத்துவராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது காசநோய் பிடித்து சானடோரியத்தில் கிடந்தார். நோய் விட்டாலும், மாதக்கணக்கில் படுத்தே இருந்ததில் தசை இளைத்துத் தெம்பிழந்தவர்களை அங்கே அருகிலிருந்து பார்த்தார். பிறகு மயோ கிளினிக்குக்குப் போய் 1936இல் இத்துறைக்கென மூன்றாண்டுப் பயிற்சியைத் தொடங்கினார். 1941இல் பாடநூல் எழுதினார். வெப்பம், மின்சாரம், பயிற்சி ஒவ்வொன்றும் உடலில் என்ன செய்கிறது என்று அளந்து காட்டாவிட்டால் எவரும் தன்னை நம்பமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அளவும் பாடநூலும் மட்டும் இருந்திருந்தால் இத்துறை ஒரு மூலையில் கிடந்திருக்கும். அதை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது இரண்டாம் உலகப் போர். செயின்ட் லூயிஸ் நகரில் பொதுமருத்துவராக நல்ல பெயரெடுத்திருந்த ஹோவர்ட் ரஸ்க் 1942இல் விமானப்படை மருத்துவச் சேவைக்குப் போனார். காய்ச்சல் விட்ட சிப்பாய்கள் வார்டில் சும்மா படுத்திருப்பதும், படைக்குத் திரும்பிய சில நாளில் மறுபடி நோயாளியாக வந்து சேர்வதும் அவரை உறுத்தின. பகைவரின் விமான மாதிரிகளைக் கட்டிலுக்கு மேலே தொங்கவிட்டார். படுத்தபடியே அடையாளம் காணப் பழகட்டும் என்று. உடற்பயிற்சியும் வகுப்புகளும் தொடர்ந்தன. பிறகு கை கால் இழந்தவர்களும் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்களும் வந்தபோது இதே எண்ணம் ஒரு முழு மருத்துவமாக விரிந்தது.

போர் முடிந்து நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ரஸ்க் இதற்கென ஒரு நிலையம் கேட்டபோது சக மருத்துவர்கள் கேலி செய்தார்கள். ‘ரஸ்க்கின் கிறுக்குத்தனம்’ என்று அதற்குப் பட்டப்பெயரும் உண்டு. ஆனால் அவரிடம் எழுத்து இருந்தது: நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பத்தி எழுதினார். கோடீஸ்வரர் பெர்னார்ட் பரூக்கின் ஆதரவும் இருந்தது. பரூக்கின் தந்தை சைமன் நீர்ச் சிகிச்சையில் பேர்பெற்ற மருத்துவர். தந்தையின் நினைவாக மகன் 1944இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் பல்கலைக்கழகங்களுக்கு அள்ளிக்கொடுத்தார். 1947இல் அமெரிக்காவில் இத்துறைக்கெனத் தனித் தேர்வு வாரியம் அமைந்தது. 1958இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்த பேஸ்பால் வீரர் ராய் கேம்பனெல்லா ரஸ்க்கிடம் சிகிச்சைக்கு வந்ததும் நாடே இந்த வைத்தியத்தைக் கவனித்தது.

இங்கிலாந்தில் இதே வேலையைச் செய்தவர் லுட்விக் குட்மன். படிப்பால் நரம்பியல் மருத்துவர், நாஜிகளிடமிருந்து தப்பிவந்த யூதர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் திறந்தார். முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் விரைவிலேயே இறந்துபோயிருந்தார்கள். கொன்றது காயம் அல்ல, படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும். குட்மன் செய்த மாற்றம் எளிமையானது: இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். 1948 ஜூலையில் அங்கே சக்கர நாற்காலி வீரர்கள் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்தது.

இந்தியாவுக்கு இத்துறை 1950களில் வந்தது. மும்பை ஹாஜி அலியில் ஐ.நா. உதவியோடு 1955இல் அகில இந்திய மறுவாழ்வு மருத்துவ நிலையம் தொடங்கியது. அப்போது வார்டுகளை நிரப்பியது போலியோ. சூம்பிய காலின் ஒவ்வொரு தசைக்கும் எவ்வளவு பலம் மிச்சம் என்று சோதித்து மதிப்பெண் போட்டு, அதற்கேற்ப காலைத் தாங்கும் காலிப்பர் மாட்டுவது அன்றாட வேலை.

ஆனால் இந்தியக் கதையின் நடுநாயகம் வேலூரில் இருந்தார். கொச்சிப் பகுதியில் 1925இல் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) படித்து முடித்த இளம் மருத்துவர். 1954இல் நடந்த வாகன விபத்தில் முகத்தில் ஆழமான காயம். இடுப்புக்குக் கீழே செயலிழப்பு. மருத்துவ வாழ்க்கை முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சீர்செய்துவந்த பால் பிராண்ட் வேறு கணக்கு வைத்திருந்தார். கை அறுவையை மருத்துவர்கள் உட்கார்ந்துகொண்டுதான் செய்கிறார்கள். அப்படியானால் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏன் செய்யக்கூடாது? நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரலை நிமிர்த்தும் நுட்பத்தை மேரி கற்றார். சக்கர நாற்காலியில் வரும் டாக்டரைப் பார்த்த நோயாளிகளுக்குத் தனியாகத் தைரியம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தன் உடலுக்கான பயிற்சி. பிறகு நியூயார்க்கில் ரஸ்க்கிடமே படிப்பு. திரும்பிவந்து சி.எம்.சி.யின் மறுவாழ்வுத் துறைக்குத் தலைவரானார். 1966இல் வேலூர் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையம் திறந்தது. நியூயார்க்கில் கற்றதை அப்படியே இறக்குமதி செய்தால் இங்கே வேலைக்காகாது: மண்ரோட்டில் சக்கர நாற்காலி ஓடாது, குந்தி உட்காரும் கழிப்பறைக்கு வேறு வழி வேண்டும், கூலி வேலைக்குப் போனவருக்கு உட்கார்ந்து செய்யும் தொழில் தேட வேண்டும். அவருக்கு 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது; 1986இல் காலமானார். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்கள் பரிசோதனைக்கும் விளையாட்டுக்கும் கூடும் ‘ரீஹாப் மேளா’வை அந்த நிலையம் நடத்திவருகிறது.

தென்காசி அருகே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பெயரிலும் ஒரு மறுவாழ்வு மருத்துவர் இருக்கிறார். கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தனக்குச் சிகிச்சை தந்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே தன் சங்கத்துக்கு வைத்தார்.

2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. மறுவாழ்வு வார்டில் கட்டில்கள் காலியாகவில்லை. பைக் விபத்து, பக்கவாதம், சர்க்கரை நோயால் கால் இழப்பு என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். கருவிகளும் மாறிவிட்டன. பக்கவாதத்துக்குப் பின் கை இறுக மூடிக்கொண்டு நகம் உள்ளங்கையைக் குத்திக் கிழிக்கும் நோயாளிக்கு, எந்தத் தசை இழுக்கிறது என்று அல்ட்ராசவுண்டிலோ மின்பதிவிலோ கண்டுபிடித்து பொட்டுலினம் ஊசி போடுகிறார்கள். பிடிப்பு சுமார் மூன்று மாதம் தளரும். அதற்குள் பயிற்சி நடந்தாக வேண்டும். ஆனால் காலில் இதே ஊசியைப் போடுமுன் மருத்துவர் தயங்குவார். பலமிழந்த காலை விறைப்புதான் தூண்போலத் தாங்கி நிற்கவைக்கிறது என்றால், விறைப்பை முழுக்க எடுத்துவிட்டால் நோயாளி விழுந்துவிடுவார். அதனால் முதலில் அவரை நடக்கச்சொல்லிப் பார்த்துவிட்டே எவ்வளவு மருந்து என்று முடிவு செய்கிறார்கள்.