வாங்கியவரின் ஒப்புதலோடு

பனமலைக்கு வருகிறவர்கள் தாளகிரீசுவரர் கோயில் ஓவியத்துக்காக வருகிறார்கள். இராசசிம்ம பல்லவன் கட்டிய கற்றளியின் சுவரில், சிவனின் ஆட்டத்தைப் பார்த்தபடி சாய்ந்து நிற்கும் உமை. நான் போவது மலையடிவாரத்தில் இருக்கும் சின்னம்மா வீட்டுக்கு. போன வருடம் அங்கே புது மிக்சி ஒன்று மூன்றே மாதத்தில் கருகிப்போய்க் கிடந்தது. விழுப்புரத்தில் வாங்கியது. பணம், சின்னம்மா நூறுநாள் வேலையில் சேர்த்தது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், “பில்லு சார் பேர்ல இருக்குதும்மா, அவர வரச் சொல்லுங்க” என்றார்களாம்.

கடைக்காரர் சொன்னது சட்டப்படி தவறு. ஆனால் சட்டம் அந்த இடத்தில் பயன்படுத்தும் சொற்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலை கொடுத்து வாங்குபவரை நுகர்வோர் என்கிறது. வாங்காமல் பயன்படுத்துபவரையும் நுகர்வோராக ஏற்கிறது, வாங்கியவரின் ஒப்புதலோடு பயன்படுத்தினால். 2019ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் இது அப்படியே இருக்கிறது. பயன்படுத்துகிறவருக்கும் வழிவிடும் நல்ல நோக்கம்தான். ஆனால் பில் எல்லாம் ஆண்கள் பெயரில் இருக்கும் வீடுகளில், அம்மியிலிருந்து மிக்சி வரை அரைத்த கை, ஒப்புதல் பெற்ற கையாகத்தான் நீதிமன்றத்துக்குள் நுழைகிறது. அதே 1986 சட்டம் மாவட்ட மன்றத்தில் ஒரு பெண் உறுப்பினருக்கு இடம் வைத்தது. ‘சமூக சேவகி’ என்ற தகுதியில்! புகார் சொல்ல வருகிறவளை அது அவ்வளவு தெளிவாக நினைத்துப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் பெண்களின் கடைத்தெரு அரசியல் இந்தச் சட்டத்தைவிட மிக மூத்தது. 1921இல் ஈரோட்டில் நாகம்மையும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலை நடத்தினார்கள். 1932இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை முன் நின்ற அம்புஜம்மாள் வேலூர்ச் சிறைக்குப் போனார். பெரிய வழக்கறிஞர் வீட்டுப் பெண், கதர் கட்டிக்கொண்டு. இவையெல்லாம் ‘வாங்காதே’ என்று சொன்ன போராட்டங்கள். பெண்ணிடம் தியாகத்தைக் கேட்டன, அவளும் கொடுத்தாள்.

1972இல் பம்பாயில் கேள்வி வேறு. விலை ஏன் இப்படி ஏறுகிறது? மிருணாள் கோரேயும் அகல்யா ரங்கணேகரும் முன்நின்ற விலைவாசி எதிர்ப்புப் பெண்கள் முன்னணியில் கட்சி வேறுபாடு பாராமல் இல்லத்தரசிகள் கூடினார்கள். பூரிக்கட்டையால் தட்டுகளை அடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். எண்ணெய், சர்க்கரை, மண்ணெண்ணெய் ஆகியவை நியாய விலையில் கிடைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. கோரேகாவ் மக்களுக்குக் குடிநீருக்காகப் போராடிய கோரேயை ‘பானிவாலி பாய்’ என்றே ஊர் அழைத்தது. அடுப்படிச் சாமானை ஆயுதமாக்கியதைச் சிலர் வேடிக்கை என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை; பொருளின் விலையை அன்றாடம் அளந்துகொண்டிருந்த கருவிகள் அவை.

சின்னம்மா குடும்பத் தலைவியாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம், ரேஷன் அட்டைக்கு வீட்டின் மூத்த பெண்ணையே தலைவி என்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அந்த அரிசி இலவசம். விலை கொடுக்காதவளை நுகர்வோர் சட்டம் கண்டுகொள்வதில்லை. புழுத்த அரிசிக்கு அவள் வேறு கதவைத் தட்ட வேண்டும். பிரசவத்துக்கும் இதே கதைதான். 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. ஏழைப் பெண் அதிகம் நாடுகிற இரண்டு இடங்களிலும் அவள் நுகர்வோர் அல்ல, பயனாளி.

மிக்சிக்கு அந்தத் தடை இல்லை. விழுப்புரம் மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வெள்ளைத்தாளில் நான் எழுத உட்கார்ந்தபோது சின்னம்மா கேட்டார்: “யார் பேரு போடற?”

உங்க பேருதான் என்றேன். சித்தப்பா திண்ணையிலிருந்து திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சின்னம்மா உள்ளே போய் ரேஷன் அட்டையை எடுத்து வந்து, அதில் இருக்கிற மாதிரியே எழுதச் சொன்னார்.