செப்பேட்டின் இரண்டாம் பாதி: வாதாபிப் போரும் தமிழ் வரலாற்று நாவலும்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த, பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு பாதி வடமொழியிலும் பாதி தமிழிலும் அமைந்தது. வடமொழிப் பகுதி போரைப் பாடுகிறது. பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலான களங்களில் புறமுதுகிட்ட சளுக்கிய அரசன் புலிகேசியின் முதுகையே ஏடாகக் கொண்டு, நரசிம்மவர்மன் வெற்றி என்னும் சொல்லை எழுதினான் என்கிறது. அவன் பேரனான பரமேசுவரன், சளுக்கிய விக்கிரமாதித்தனைக் கந்தையைப் போர்த்திக்கொண்டு தனியே ஓடவைத்தான் என்கிறது. தமிழ்ப் பகுதியில் போர் இல்லை. பாலாற்றிலிருந்து வெட்டிய பெரும்பிடுகு என்னும் கால், பரமேசுவர தடாகம் என்னும் ஏரி, கோயிலுக்குச் செங்கல் சுட வாங்கிய நிலம், மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு, அங்கே தண்ணீரும் நெருப்பும் தருபவருக்கு ஒரு பங்கு: இவையே அதன் பொருள்.

தமிழ் வரலாற்று நாவல் இந்த ஏட்டின் முதற்பாதியை மட்டும் படித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். பல்லவ, சளுக்கியப் பகையை நமக்கு உயிரோடு காட்டிய கல்கியை இதற்காகக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அவர் போட்ட பாதை எவ்வளவு தூரம் சென்றது, எங்கே நின்றுவிட்டது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒத்த இன்னொரு பகையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலோ-சாக்சன் அரசுகளும் வைக்கிங்குகளும் நடத்திய அதிகாரப் போராட்டம் இன்று ஆங்கில வரலாற்றுப் புனைவின் பெருவயலாக விளைகிறது.

முதலில் சான்றுகளின் நிலை. ஆங்கிலேயர் கதையில் எழுதியவர்கள் ஏறத்தாழ ஒரு தரப்பினரே. ஆல்ஃபிரட் மன்னன் காலத்தில் தொகுக்கத் தொடங்கிய ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பும், ஆஸர் என்னும் பாதிரியார் 893இல் எழுதிய ஆல்ஃபிரட் வரலாறும் வென்ற அரண்மனையின் குரல்கள். 793இல் லிண்டிஸ்பார்ன் மடத்தைக் கொள்ளையிட்டவர்களோ, 878இல் எடிங்டனில் தோற்ற டேனிய வைக்கிங் தலைவன் கத்ரமின் படையினரோ அந்நாட்களைப் பற்றித் தம் கைப்பட எழுதிவைத்த ஆண்டேடு ஏதுமில்லை. நம் கதையில் இரண்டு தரப்பும் எழுதியிருக்கின்றன, அதுவும் கல்லிலும் செம்பிலும். 634-35இல் ரவிகீர்த்தி இயற்றிய அய்கொளெக் கல்வெட்டு, புலிகேசியின் படை கிளப்பிய தூசியில் ஒளி மங்கிய பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்கிறது. நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் பெரும்பகைவரை அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. இரண்டும் ஒரே படையெடுப்பைப் பற்றியவை என்றே ஆய்வாளர் பெரும்பாலும் கொள்வர்.

சளுக்கியர் தலைநகர் வாதாபியான இன்றைய பதாமியின் பாறையில் நரசிம்மவர்மனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சிதைந்த நிலையில் இருக்கிறது. வாதாபி 642ஐ ஒட்டி வீழ்ந்ததற்கு அது நேர்ச்சான்று. அதன்பின் ஏறத்தாழ 13 ஆண்டுகள் சளுக்கிய அரியணை நிலைகுலைந்து கிடந்தது. 655இல் முதலாம் விக்கிரமாதித்தன் அதை மீட்டான். 674இல் வெளியிட்ட கத்வால் செப்பேட்டில் அவன் காஞ்சியைக் கைக்கொண்டதாகச் சொல்கிறான். அந்த ஏட்டை வெளியிட்டபோது அவன் பாளையம் உறையூரில் இருந்தது. அவனை ஓடவைத்ததாகக் கூரம் ஏடு சொல்கிறது; களத்தைப் பெருவளநல்லூர் என்று பெயரிடுவது உதயேந்திரம் செப்பேடு. அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாக அவன் அரசி லோகமாதேவி பட்டடக்கல்லில் கோயில் எடுத்தாள். ஆக, வாதாபி எரிந்தது ஒரு கதையின் முடிவன்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இழுத்த போரின் நடுவில் வந்த ஓர் ஆண்டு அது.

கல்கி இதை எப்படிக் கையாண்டார்? மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு இருந்த ஒரு நிலவிரவில் இக்கதை மாந்தர்கள் தம் மனத்தில் எழுந்ததாக அவரே எழுதியிருக்கிறார். 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. அதற்குள் ஹுல்ஷ் பதிப்பித்த கூரம், காசாக்குடி ஏடுகள் அச்சில் அரை நூற்றாண்டைக் கடந்திருந்தன. ழுவோ துப்ரேய், ரா. கோபாலன், சி. மீனாட்சி ஆகியோரின் பல்லவர் நூல்களும் வெளிவந்திருந்தன. சான்று குறைவு என்று சொல்ல இடமில்லை. நூறாண்டுப் போருக்கு ஒரு மையம் தேவைப்பட்டது. அதை அவர் ஒரு பெண்ணின் சபதமாக்கினார். சிற்பி ஆயனரின் மகள் சிவகாமி வாதாபிக்குச் சிறை கொண்டுபோகப்படுகிறாள். ஊர் எரியும் வரை அங்கிருந்து வரமாட்டேன் என்கிறாள். வேங்கி நாட்டைச் சளுக்கியர் கைப்பற்றியதும், தக்காணத்துக்கும் தொண்டைநாட்டுக்கும் இடையிலான ஆற்றுவெளிகளை ஆளும் போட்டியும் பின்னுக்குப் போய், போர் ஒரு மானக்கணக்காகிறது.

இந்தச் சுருக்கத்தில் கலை வலிமை பெருகியது என்பதை மறுக்க மாட்டேன். நான்காம் பாகத்துக்குச் 'சிதைந்த கனவு' என்று பெயரிட்டவர் வெற்றியைக் கொண்டாடியவர் அல்லர். சபதம் நிறைவேறுகிறது, சிவகாமியின் வாழ்வு நிறைவேறவில்லை. மாமல்லன் என்னும் நரசிம்மவர்மன் பாண்டியன் மகளை மணந்துவிட்டான். அவன் படைத்தலைவர் பரஞ்சோதி வாளைக் கீழே வைத்துச் சிறுத்தொண்டராகிறார். பெரியபுராணம் பாடிய சேக்கிழாரிடத்தில் இம்மாற்றத்துக்குக் காரணம் வேறு. வாதாபியிலிருந்து யானையும் மணியும் கொண்டுவந்தவர் சிவனடியார் என்று அறிந்த அரசன், அடியாரைப் போர்முனைக்கு விட்டேனே என்று வருந்தி அவருக்கு விடைகொடுக்கிறான். அங்கே கலங்குபவன் அரசன். கல்கியிடம் கலக்கம் படைத்தலைவனுக்குள்ளேயே இறங்குகிறது. இது பெரிய அடி. சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் மணிமங்கலத்துக்கு மிக அருகில் உள்ள ஊர். வாதாபிப் படையெடுப்பைத் தமிழில் முதன்முதல் கதையாக விரித்தவர் புலிகேசி தோற்ற களத்தின் பக்கத்து ஊர்க்காரர் என்பதைத் தமிழ்த் திறனாய்வு இன்னும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

கல்கியின் துணிச்சல் உச்சம் பெறும் இடம் நாகநந்தி. புலிகேசியின் இரட்டைப் பிறவியான பௌத்த பிக்ஷு அவர். ஒரே முகம். ஒருவனிடம் நாடு கொள்ளும் ஆசை, மற்றவரிடம் கலைமீது பித்து. அஜந்தா வண்ணத்தின் மருமத்தைத் தேடும் ஆயனரின் தவிப்பு வழியாக, பகைவன் நாட்டில் நம்மிடம் இல்லாத அழகு உண்டு என்று நாவல் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட கையோடு அந்த அழகை அறிந்தவரிடமே நஞ்சையும் சூழ்ச்சியையும் வைத்துவிடுகிறது. எதிர்த்தரப்பின் மனத்துக்குள் நுழைய ஒரு வாசலைத் திறந்து, பாதியில் சாத்திய இடம் அது.

ஆங்கிலப் புனைவு வாசலைச் சாத்தவில்லை. பெர்னார்டு கார்ன்வெல் 2004இல் 'தி லாஸ்ட் கிங்டம்' நாவலில் தொடங்கிய வரிசையின் நாயகன் ஊட்ரெட், சாக்சன் பிரபு வீட்டில் பிறந்து டேனியரிடம் சிறைப்பட்டு அவர்கள் பிள்ளையாக வளர்ந்தவன். வாள் ஆல்ஃபிரடுக்கு, மனம் பாதி டேனியருக்கு. ஒரு தரப்பு எழுதாமல் போனதை நிரப்பத்தான் இப்படிப்பட்ட நடுமனிதன் தேவைப்பட்டான். இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. டேனியர் திரும்பிப் போகவில்லை. ஆல்ஃபிரடும் கத்ரமும் செய்துகொண்ட உடன்படிக்கை தேம்ஸ், லீ, ஊஸ் ஆறுகளையும் வாட்லிங் பெருவழியையும் எல்லையாக்கிற்று. அதற்கு அப்பால் அவர்கள் உழுதார்கள், மணந்தார்கள், ஊர்களுக்குப் பெயர் வைத்தார்கள். இன்றைய ஆங்கில வாசகர் இரு தரப்புக்கும் பேரப்பிள்ளை. சளுக்கியப் படையோ வந்தது, முற்றுகையிட்டது, திரும்பிற்று. அதன் வழித்தோன்றல் என்று தன்னைக் கருதும் வாசகர் தமிழில் இல்லை. அவர் கன்னடத்தில் இருக்கிறார், அங்கே புலிகேசி தன்னேரில்லாத நாயகன். நம் நாவலின் ஒருபக்கப் பார்வைக்குச் சான்றின் வறுமை காரணமன்று. இரண்டு மொழி வாசகர்கள் இரண்டு அறைகளில் அமர்ந்து படிப்பதுதான் காரணம்.

தமிழ் எல்லைக்குள்ளேயே வந்தால் கல்கி இரு தரப்பையும் பார்க்க வல்லவர் என்பது தெளிவு. முன்னதாக எழுதிய 'பார்த்திபன் கனவி'ல் இதே நரசிம்மவர்மன் பேரரசன். அவனுக்குத் திறை செலுத்த மறுத்து மடியும் சோழன்தான் கனவுக்கு உரியவன். 1941இல் தொடங்கிய தொடர் அது. எழுதியவர் விடுதலைப் போரில் சிறை சென்றவர். ஒரு நாவலில் ஆதிக்கமாக நிற்கும் அரசன் அடுத்த நாவலில் அநீதி இழைக்கப்பட்டவனாக நிற்கிறான். இரண்டையும் ஒரே வாசகர் ஒரே இதழில் படித்தார். அவனைத் தென்கடலுக்கு அப்பாலிருந்து பார்த்தால் மூன்றாவது தோற்றம் ஒன்று கிடைக்கும். இலங்கை இளவரசன் மானவர்மன் நரசிம்மனிடம் அடைக்கலம் புகுந்து, வல்லபன் எனப்படும் சளுக்கிய அரசனோடு நடந்த போரில் உதவி, பின் பல்லவப் படையோடு கப்பலேறித் தன் நாட்டு அரியணையைப் பிடிக்கச் சென்றதைப் பாலி மொழியிலுள்ள இலங்கை வரலாற்று நூல் சொல்கிறது. அந்தத் தீவின் கரையில் நின்று பார்த்தவர்களுக்குக் கடலில் வந்த அந்நியப் படை நம்முடையது.

போர் நடந்த மண்ணைப் பற்றி இனிப் பேச வேண்டும். மணிமங்கலமும் புள்ளலூரும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள், ஏரிப்பாசன ஊர்கள். காஞ்சிக்காகப் போரிட்ட படைகள் இந்த ஏரிகளுக்கிடையே மோதின. 1780 செப்டம்பர் 10இல் திப்பு சுல்தான் கர்னல் பெய்லியின் படையை அழித்ததும் இதே புள்ளலூரில்தான். சீரங்கப்பட்டணத்து மாளிகைச் சுவரில் அந்த வெற்றி ஓவியமாக இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு பெரும்படைகள் ஒரே ஊரை மிதித்திருக்கின்றன. நம் நாவல்களின் உணர்ச்சி உச்சம் வாதாபியில் எரிகிறது. தொண்டைநாட்டு ஏரிக்கரையில் முற்றுகைக் காலத்தில் யார் மடை திறந்தார்கள், அறுவடை யாருக்குப் போயிற்று என்று கேட்ட நாவல் எதையும் நான் படித்ததில்லை.

கேட்பதற்கு ஆள் இல்லாமல் போகவில்லை. செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குன்றில் ஒரு குடைவரை இருக்கிறது. அதன் தமிழ்க் கல்வெட்டு மகேந்திரவர்மனின் பட்டப் பெயர்களை முதலில் சொல்லிவிட்டு, அவனுக்கு அடங்கிய வயந்தப்பிரி அரைசரின் மகன் கந்தசேனன் இத்தேவகுலத்தைச் செய்வித்தான் என்கிறது. ஆங்கிலப் புனைவில் கதை சொல்பவன் பெரும்பாலும் இந்தத் தட்டைச் சேர்ந்தவன்: மன்னனுக்குக் கீழே, உழவனுக்கு மேலே, இரண்டு பக்கத்து நெருக்கடியையும் தோளில் தாங்குபவன். கந்தசேனனின் ஆட்கள் புள்ளலூருக்குப் போனார்களா என்பதை எந்தச் சான்றும் சொல்லாது. சான்று அடங்கும் அந்த எல்லையில்தான் நாவலாசிரியரின் உரிமை தொடங்குகிறது. அவ்வுரிமையை நாம் அரண்மனை அந்தப்புரத்தில் மட்டுமே செலவழித்து வந்திருக்கிறோம்.

மாமல்லபுரத்தையும் இப்படித்தான் படித்துப் பழகினோம். 'சிவகாமியின் சபத'த்துக்குப் பின் அங்கே செல்லும் தமிழர் மகேந்திரனையும் மாமல்லனையும் ஆயனரையும் தேடியே செல்கிறார்கள். ஒரு நாவல் ஒரு கடற்கரைக்கு இத்தனை உயிரூட்டியதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் இரா. நாகசாமி 1962இல் இச்சின்னங்கள் அனைத்தும் ராஜசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மனின் ஆக்கங்களே என்று வாதிட்டார். அத்தியந்தகாமன் என்னும் பட்டமும், கணேச ரதத்திலும் தருமராச மண்டபத்திலும் சாளுவன்குப்பத்திலும் திரும்பத் திரும்ப வரும் ஒரே வகைச் சுலோகங்களும் அவர் பிடித்த நூல். எல்லாரும் அதை ஏற்கவில்லை. அவர் சொன்னது ஓரளவு சரி என்றாலும், ராஜசிம்மன் காலம் வாதாபி வீழ்ந்து இரண்டு தலைமுறை கழிந்து, போர் ஓய்ந்திருந்த இடைவெளி. அப்படியாயின் அந்த உளியோசையை வெற்றி முழக்கமாகக் கேட்பது பிழை. வரி தங்குதடையின்றி வந்து, தச்சர்களுக்குப் படிகொடுக்க முடிந்த ஆண்டுகளின் ஓசை அது.

ராஜசிம்மன் கட்டிய காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் பகைவனின் எழுத்தும் இருக்கிறது. இரண்டாம் விக்கிரமாதித்தன் நகருக்குள் நுழைந்தான், கோயிலின் செல்வத்தைக் கண்டான், அதை எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திருப்பி அளித்தான். இதைக் கன்னடத்தில் ஒரு தூணில் வெட்டிவைத்தான். அதற்குப் பின்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பல்லவர் காஞ்சியை ஆண்டனர், அந்த எழுத்தை யாரும் செதுக்கி எடுக்கவில்லை. தோற்ற ஊரின் கருவறைக்கு முன் வென்றவன் மொழி நிற்பதை அன்றாடம் பார்த்துக்கொண்டு பூசை செய்த குருக்களும், விளக்கேற்றிய பெண்களும் என்ன நினைத்தார்கள்? அவன் கொள்ளுப்பாட்டனின் தந்தை காலத்தில் வாதாபி எரிந்த கதை அவர்களுக்குத் தெரிந்திருந்ததா? வாதாபியை எரித்த சபதத்துக்கு நிகரான நாவல் இந்தத் தூணில் இருக்கிறது. அதில் பழிவாங்கல் இல்லாததால் அது எழுதுவதற்குக் கடினமானது.

திருக்கழுக்குன்றத்தில் முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கந்தசிட்டன் என்னும் பழைய பல்லவன் அவ்வூர்க் கோயிலுக்கு விட்ட நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அவ்வாறே காத்தார், இப்போது நாமும் காக்கிறோம் என்கிறது அது. அதற்குள் சளுக்கியரை ராஷ்டிரகூடர் விழுங்கியிருந்தனர், பல்லவர் நாடு சோழர் கைக்கு வந்திருந்தது. போரிட்ட இரு குலங்களும் ஒழிந்த பிறகு, செங்கல்பட்டு மண்ணில் வாதாபி வெற்றி நினைக்கப்பட்டது ஒரு நிலத்தின் வரிவிலக்கைக் காப்பாற்றுவதற்காக. அந்த நிலத்தை உழுதவர்கள் தலைமுறை தலைமுறையாக எந்த அரசனின் ஓலையை நம்பி விதைத்தார்கள் என்ற கேள்வியிலிருந்து ஒரு தமிழ் நாவலாசிரியர் தொடங்கலாம். பெரும்பிடுகுக் காலின் தண்ணீர் அந்தக் கதைக்குள் பாய இடமிருக்கிறது.