கருப்பத்தை அளந்த கதை

சாகுபுரத்தைச் சுற்றியுள்ள உப்பளங்களில் உப்புநீர் முற்றிவிட்டதா என்று அறிய ஒரு மிதவைமானி போதும். அது எவ்வளவு அமிழ்கிறது என்பதைக் கொண்டு நீரின் அடர்த்தியைப் படித்துவிடலாம். பாமே அளவில் 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். லிட்டருக்கு ஏறத்தாழ முந்நூறு கிராம் உப்பு கரைந்துள்ள நீர் அது. ஆகவே எளிய கருவியே அங்குப் போதுமானது.

இப்போது வேறொன்றை எண்ணிப் பாருங்கள். அரைத் தேக்கரண்டி உப்பு, அதாவது இரண்டரை கிராம், பத்து இலட்சம் லிட்டர் நன்னீரில் கரைந்திருக்கிறது. எண்பதுக்கும் மேற்பட்ட லாரிகளை நிரப்பும் தண்ணீர்! அதில் ஒரு துளியை எடுத்து, உப்பு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று சொல்ல முடியுமா? மருந்துக்கடையில் விற்கும் கருப்பச் சோதனைப் பட்டை உணரும் செறிவு ஏறத்தாழ இதுதான். ஒரு மி.லி. சிறுநீரில் 25 மில்லி அலகு, எடைக் கணக்கில் சுமார் இரண்டரை நானோகிராம். இந்த நுண்மையை மனிதர் அடைய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வழியில் எத்தனையோ சுண்டெலிகள் மடிந்தன.

கருவுற்ற பெண்ணின் சிறுநீரில் ஒரு சிறப்பான இயக்குநீர் உண்டு என்பதை 1920களின் இறுதியில் பெர்லின் நகரில் கண்டறிந்தவர்கள் செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்னும் இருவர். அவர்களிடம் அளவுகோல் ஏதும் இல்லை, உயிரே அளவுகோலாயிற்று. பருவமடையாத பெண் சுண்டெலிகளுக்குச் சிறுநீரை ஊசி மூலம் ஏற்றி, சில நாள் கழித்து அவற்றைக் கொன்று சூலகத்தைப் பார்த்தார்கள். சூலகம் முதிர்ந்து இரத்தப் புள்ளிகள் தோன்றியிருந்தால் அந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள் என்று பொருள். யூதர்களாகிய இருவரும் நாஜி ஆட்சியில் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆஷ்ஹைம் பாரிசுக்கும், சோண்டெக் சுவீடன் வழியாக ஜெருசலேமுக்கும் சென்றார்கள்.

சுண்டெலிக்குப் பின் முயல் வந்தது. அதன்பின் தென்னாப்பிரிக்காவின் நகமுள்ள தவளை வந்தது. கேப் டவுனில் பணியாற்றிய லான்சிலாட் ஹாக்பென்னின் ஆய்வுகளிலிருந்து பிறந்த முறை இது. கருவுற்ற பெண்ணின் சிறுநீரை ஏற்றினால் பெண் தவளை ஓரிரவுக்குள் முட்டையிட்டுவிடும். தவளையும் சாவதில்லை, மறுபடி பயன்படும். 1960கள் வரை பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் இத்தவளைகள் தொட்டிகளில் வளர்க்கப்பட்டன.

ஆயினும் சுண்டெலியும் தவளையும் "ஆம்", "இல்லை" என்றுதான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லா. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஓர் இயற்பியலார் என்பதில் இயற்பியல் ஆசிரியனாகிய எனக்குச் சற்றுப் பெருமை உண்டு.

ரோசலின் யாலோ 1921இல் நியூயார்க்கில் பிறந்தவர். அணுக்கரு இயற்பியலில் 1945இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ப் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் பணி கிடைத்தது. துப்புரவுப் பொருள் வைக்கும் சிற்றறையே அவருடைய முதல் ஆய்வுக்கூடம். மருத்துவர் சாலமன் பெர்சனுடன் சேர்ந்து, கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலின் உடலில் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டு வந்த நீரிழிவு நோயாளிகளின் இரத்தத்தில் அது நெடுநேரம் தங்கியது. அவர்கள் உடல் இன்சுலினுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கிறது என்பதே விளக்கம். அவ்வளவு சிறிய மூலக்கூறுக்கு எதிர்ப்பொருள் உண்டாகாது என்று அன்றைய அறிஞர்கள் நம்பியிருந்ததால் 1955இல் கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டது. தலைப்பிலிருந்து "எதிர்ப்பொருள்" என்னும் சொல்லை நீக்கிய பின்னரே மறு ஆண்டு அச்சேறியது. 1977இல் நோபல் பரிசு பெற்றபோது யாலோ அந்த மறுப்புக் கடிதத்தை மறக்காமல் தம் உரையில் சேர்த்துக்கொண்டார்! பெர்சன் 1972இலேயே காலமாகிவிட்டார்.

அவர்கள் கண்ட அளவீட்டு முறையைத் திருச்செந்தூர்ப் பேருந்தைக் கொண்டு விளக்கலாம். பேருந்தில் 50 இருக்கைகள். சிவப்புச் சட்டை அணிந்த 100 பேர் முண்டியடித்து ஏறினால் 50 சிவப்புச் சட்டைகள் அமரும். அவர்களோடு வெள்ளைச் சட்டைக்காரர்களும் 100 பேர் ஏறினால் அமரும் சிவப்பு 25ஆகக் குறையும். வெள்ளை 10 பேர் மட்டும் என்றால் சிவப்பு 45 அமரும். ஆக, அமர்ந்திருக்கும் சிவப்பை எண்ணினாலே ஏறிய வெள்ளை எத்தனை என்று கணக்கிடலாம். இருக்கை என்பது எதிர்ப்பொருள். சிவப்பு என்பது கதிரியக்கம் ஏற்றிய இயக்குநீர். வெள்ளை என்பது நோயாளியின் இரத்தத்திலுள்ள இயக்குநீர். இருவரும் இதற்குக் காப்புரிமை கோரவில்லை. நம் நாட்டில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இவ்வகை அளவீட்டுக்கான பொருள்களை உருவாக்கி வழங்கியது. இன்று கதிரியக்கத்துக்குப் பதில் ஒளியுமிழும் வேதிப்பொருள்கள் வந்துவிட்டன. எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் அடிப்படை மட்டும் மாறவில்லை.

கருப்ப இயக்குநீரை அளப்பதில் இன்னொரு முட்டுக்கட்டை இருந்தது. எச்.சி.ஜி. எனப்படும் அது ஆல்ஃபா, பீட்டா என இரு சங்கிலிகளால் ஆனது. இதில் ஆல்ஃபா, கபச்சுரப்பியிலிருந்து மாதந்தோறும் எழும் எல்.எச். என்னும் இயக்குநீரிலும் அப்படியே இருக்கிறது. பீட்டாவிலும் பெரும்பகுதி ஒத்திருக்கும். எனவே கருவுறாத பெண்ணிடமும் கருவி ஏமாந்துவிடும். 1972இல் அமெரிக்காவில் வைடுகைடிஸ், பிரான்ஸ்டீன், ராஸ் ஆகியோர் பீட்டாவைத் தனியே அடையாளம் காணும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்திக் காட்டினர். ஆய்வுக்கூட அறிக்கையில் "பீட்டா எச்.சி.ஜி." என்று காண்பது இதனால்தான்.

கரு கருப்பைச் சுவரில் பதியும் நாள்களில் இது இரத்தத்தில் தலைகாட்டுகிறது. முதல் வாரங்களில் ஏறத்தாழ இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. எட்டு முதல் பதினோரு வாரத்தில் உச்சத்தைத் தொட்டுப் பின் இறங்குகிறது. தொடக்கத்தில் இதன் வேலை, கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரான் சுரப்பு நின்றுவிடாமல் சூலகத்தைத் தூண்டிக்கொண்டிருப்பது. நஞ்சுக்கொடி அந்த வேலையை ஏற்றதும் அவசரம் தீர்ந்துவிடுகிறது. ஆகவே மூன்றாம் மாதத்துக்குப் பின் எண் குறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஐந்தாம் வாரத்தில் நலமான பெண்களிடையேகூட அளவு சில பத்துகளிலிருந்து சில ஆயிரம் வரை வேறுபடும். அறிக்கையிலுள்ள ஒற்றை எண்ணை அண்டை வீட்டாரின் எண்ணோடு ஒப்பிட்டு உறக்கம் இழப்பவர்கள் உண்டு. வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்து அதன் வேகத்தைச் சொல்ல முடியுமா? இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவுகளே பேசும். ஏற்றம் மந்தமாக இருந்தால் கரு சிதையலாம், அல்லது கருக்குழாயில் தங்கியிருக்கலாம். பின்னது உயிருக்கே ஆபத்தானது. ஸ்கேன் செய்து மருத்துவரே முடிவு கூற வேண்டும்.

இந்த இயக்குநீரை அளப்பதோடு நில்லாமல் தடுக்கவும் முனைந்தவர் ஜி.பி. தல்வார். தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பணியாற்றியபோது, பீட்டாச் சங்கிலியை டெட்டனஸ் தடுப்பூசிப் பொருளுடன் இணைத்தார். தன் இயக்குநீருக்கே உடல் எதிர்ப்பொருள் செய்தால் கரு தங்காது என்பது அவர் கருத்து. ஆய்வு 1976இல் வெளிவந்தது. பின்னர் 148 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வெளியாயிற்று. எதிர்ப்பொருள் போதிய அளவு இருந்த 1,224 மாதச் சுழற்சிகளில் கருப்பம் ஒன்றே ஒன்று. எதிர்ப்பொருள் குறைந்ததும் பெண்கள் மீண்டும் கருவுற்றார்கள். ஆனால் ஐவரில் ஒருவருக்குப் போதிய எதிர்ப்பொருள் உண்டாகவே இல்லை. பெண்கள் அமைப்புகள் இத்தகைய ஊசிகளை எதிர்க்கவும் செய்தன. அந்த எதிர்ப்பு முழுவதும் அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். தடுப்பூசி இன்றுவரை விற்பனைக்கு வரவில்லை.

இதன் நிழல் மட்டும் எதிர்பாராத இடங்களில் விழுந்தது. சாதாரண டெட்டனஸ் ஊசியில் எச்.சி.ஜி.யைக் கலந்து பெண்களை மலடாக்குகிறார்கள் என்னும் வதந்தி 1990களின் நடுவில் பிலிப்பைன்சிலும் மெக்சிகோவிலும், 2014இல் கென்யாவிலும் பரவியது. சான்றாகக் காட்டப்பட்டவை, இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பதற்கென்று செய்யப்பட்ட கருவிகளில் தடுப்பூசி மருந்தை இட்டுப் பெற்ற எண்கள். மருந்தில் கெடாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்களுக்கும் அக்கருவிகள் பொய்யாக எண் காட்டக்கூடும். பிலிப்பைன்சில் அதற்குப்பின் டெட்டனஸ் ஊசிக்கு வந்த பெண்களின் தொகை குறைந்துபோயிற்று.