ரைபைசன் கண்ட ஈடு

ஈடு வைக்க ஏதுமற்ற ஏழைக்குக் கடன் கொடுப்பார் யார்? இவ்வினாவிற்கு விடை கண்ட முன்னோடிகளுள் ஒருவர் ஜெர்மானியரான ரைபைசன் (1818–1888).

1846-47 குளிர்காலத்துப் பஞ்சத்தின்போது, வையர்புஷ் வட்டாரத் தலைவராயிருந்த அவர் செல்வரிடம் பொருள் திரட்டி, ஏழைகட்கு ரொட்டியைக் கடனாக வழங்கச் செய்தார். 1854-இல் ஹெட்டஸ்டார்பில் அவர் நிறுவிய அறச்சங்கமும் செல்வரையே நம்பியிருந்தது. நாளடைவில் அவர்தம் ஆர்வம் தளர்ந்தது. ஆகவே, 1864-இல் அதனைக் கடன் சங்கமாக மாற்றிக் கடன் பெறுவோரையே உறுப்பினராக்கினார். சங்கத்தின் கடனுக்கு உறுப்பினர் அனைவரும் பொறுப்பு. அண்டை அயலார் அறிந்த நன்னடத்தையே ஈடு.

ஐரோப்பாவின் இத்தகைய முறைகளை ஆராய்ந்து சென்னை அரசுக்கு நிக்கல்சன் 1895-இல் அறிக்கை அளித்தார். 1904-இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது.

ஏழையின் நாணயத்திற்கும் மதிப்புண்டு என நிலைநாட்டியதே ரைபைசனின் பெருந்தொண்டாகும்.